வண்ணத்துப்பூச்சி என்று அடித்துப் பாருங்கள்: கலகலப்பான தடித்த எழுத்துருவைத் தெரிவு செய்வது எப்படி?

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு முன்பள்ளிக்குச் சிறுவர் தின பெனர் ஒன்று செய்து கொடுத்தேன். ஒக்டோபர் 1 விழா. சின்னப் பிள்ளைகள் சிறகு கட்டி ஆடுகிற நடனம்தான் அன்றைய பெரிய நிகழ்ச்சி. அதனால் 10 அடி நீளத்தில் "வண்ணத்துப்பூச்சிகள்" என்ற ஒரு சொல்லை மட்டும் பெரிதாகப் போட்டேன். நல்ல குண்டு எழுத்து, மஞ்சள் நிறம், சுற்றிச் சிவப்புக் கரை. கணினியில் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது.

விழாவன்று காலை, தங்கச்சியைக் கூட்டி வந்த தரம் 2 பையன் ஒருவன் கேற்றடியில் நின்று அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். "வ... ன... ன... த... து..." அதற்குமேல் போகவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ரீச்சர் மெதுவாகச் சொன்னார்: "எழுத்து நல்ல வடிவு மனே. ஆனா பிள்ளைகளுக்கு வாசிக்க ஏலாம இருக்கு."

அவன் சரியாகத்தான் வாசித்தான். எழுத்து அவ்வளவு தடிப்பு. 'ண்' தலையில் இருந்த புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போய் ஒரு சின்ன வீக்கம் போலத் தெரிந்தது. மூன்று சுழி 'ண'வில் ஒரு சுழி அடைபட்டு, தூரத்தில் இருந்து பார்க்க இரண்டு சுழி 'ன' ஆகியிருந்தது. இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தலைப்பு எழுத்துரு என்றால் என்ன?

எழுத்துருக்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று வாசிப்பு எழுத்துரு. புத்தகம், பத்திரிகை, விண்ணப்பப் படிவம் எல்லாவற்றிலும் 10, 12 பொயின்ட் அளவில் பக்கம் பக்கமாக வாசிப்பதற்கு. மற்றது தலைப்பு எழுத்துரு. பெனர், பெயர்ப்பலகை, லேபல், ரீசேர்ட், பிறந்தநாள் கார்ட் போன்றவற்றில் இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாகப் போடுவதற்கு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குரலை வைத்து விளங்கிக்கொள்ளலாம். ஒரே திண்ணையில் இருப்பவரோடு பேசுகிற குரல் வாசிப்பு எழுத்துரு. வாவிக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல் தலைப்பு எழுத்துரு. அக்கரைக்குக் கேட்க வேண்டும் என்றால் நீண்ட வசனம் பேச மாட்டோம். பெயரைச் சொல்லி, வாயை நன்றாகத் திறந்து கூப்பிடுவோம். பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு சத்தம் போட்டாலும் அங்கே சொல் போய்ச் சேராது.

எழுத்துக்கும் அப்படி ஒரு வாய் இருக்கிறது. எழுத்துக்குள்ளே இருக்கும் வெள்ளைதான் அது. 'ண'வின் சுழிகள், 'இ'யின் உள்வளைவு, 'ஐ'யின் இடைவெளி, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள சின்னச் சந்து, இவையெல்லாம் மை படாத இடங்கள். எழுத்தைத் தடிப்பாக்கும்போது மை உள்ளேயும் வளர்கிறது, அதனால் அந்த இடங்கள் குறைகின்றன. நல்ல வடிவமைப்பாளர் தடித்த எழுத்துருவை வரையும்போது சுழிகளைப் பெரிதாக்கி, எழுத்தை அகலமாக்கி, புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்து அந்த வெள்ளையைக் காப்பாற்றியிருப்பார். அவசரத்தில் வரைந்த எழுத்துருவில் கோடு மட்டும் தடித்திருக்கும். தெரிவு செய்கிற நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கலகலப்பு எங்கிருந்து வருகிறது?

கோடுகளின் முனை மழுங்கி, உருண்டையாக இருந்தால் எழுத்து மென்மையாகத் தெரியும். வெட்டிவிட்டது போல இருந்தால் கறாராகத் தெரியும். கோட்டின் தடிப்பு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தால் களிமண்ணை உருட்டி வைத்தது போல ஒரு குழந்தைத்தனம் வரும். எழுத்துகள் ஒரே கோட்டில் அணிவகுத்து நிற்காமல் லேசாக ஏறி இறங்கினால் துள்ளல் வரும்.

தமிழில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம்முடைய 'ண', 'ன', 'அ', 'இ' எல்லாம் ஏற்கனவே உருண்டையானவை. அவற்றை விளையாட்டாகக் காட்டுவது பெரிய வேலையே இல்லை. கஷ்டம் 'ட', 'ப', 'ம', 'ய' போன்ற மூலை உள்ள எழுத்துகளில்தான். 'ட' என்பது இரண்டே கோடும் ஒரு மூலையும். அதைச் சிரிக்க வைப்பது எளிதல்ல. ஆகவே ஒரு எழுத்துரு கண்ணில் பட்டால் நான் முதலில் "பட்டம்" என்று அடித்துப் பார்ப்பேன். நான்கு எழுத்தும் மூலைக்காரர்கள். அந்த மூலைகள் இதமாக வளைந்து, மற்ற எழுத்துகளோடு ஒரே குடும்பம் போலத் தெரிந்தால் எழுத்துருவை வரைந்தவருக்குத் தமிழ் எழுத்து நன்றாகப் பழக்கம் என்று அர்த்தம். 'அ' மட்டும் துள்ளிக்கொண்டு, 'ட' கதவு நிலை போல விறைத்து நின்றால் வேறு எழுத்துரு தேடுவேன்.

கல்லடிக் கடற்கரைக்குப் போனால் வள்ளங்களின் பக்கவாட்டில் தூரிகையால் எழுதிய பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். கை எழுதும்போது 'ட'வின் மூலை தானாகவே வளைந்துவிடும். தூரிகை அந்த இடத்தில் திரும்ப வேண்டுமே. நல்ல கலகலப்பான எழுத்துருவில் அந்தக் கையின் திருப்பம் தெரியும். எனக்கு இந்த விஷயத்தில் எந்த எழுத்துருவையும்விட அந்த வள்ளங்கள்தான் நல்ல பாடம்.

எந்தச் சொற்களால் சோதிப்பது?

எழுத்துருத் தளங்களில் மாதிரிக்குக் காட்டுகிற வரியை நம்ப வேண்டாம். அந்த வரியில் எழுத்துரு அழகாகத்தான் இருக்கும். உங்கள் பெனரில் வரப்போகிற சொல்லையே அடித்துப் பாருங்கள். அதோடு நான் எப்போதும் அடிக்கிற சில சொற்களும் இருக்கின்றன.

"வண்ணத்துப்பூச்சி" அவற்றில் முதலாவது. ஒரே சொல்லில் நான்கு புள்ளி. மூன்று சுழி 'ண' இரண்டு முறை வருகிறது. 'பூ' கீழே இறங்குகிறது, 'சி' மேலே ஏறுகிறது. 'ண்' என்பதையும் 'ண' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே பார்வையில் பிரித்தறிய முடிந்தால் தேறியது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பாருங்கள், அப்போதும் புள்ளி தனியாக நிற்க வேண்டும்.

அடுத்தது "தாரா". அரவு என்கிற காலும் 'ர'வும் மாறி மாறி வருகிற சொல். 'ர'வின் அடியில் சின்னதாக ஒரு வால் இருக்கும், காலுக்கு அது இல்லை. விளையாட்டு எழுத்துருக்கள் சிலவற்றில் அழகுக்காக அந்த வாலைக் குறுக்கிவிடுவார்கள். அப்போது தாராவில் 'த'வுக்குப் பிறகு ஒரே மாதிரி மூன்று குச்சிகள் நிற்கும். வளர்ந்தவர்கள் ஊகித்து வாசித்துவிடுவோம். வாசிக்கப் பழகுகிற பிள்ளைக்கு அந்த ஊகம் கிடையாது.

எலி, ஏணி, செடி, சேவல். குறிலும் நெடிலும் தெளிவாகப் பிரிகின்றனவா என்று பார்க்க இந்த நான்கும் போதும். ஐஸ்பழக் கடை, கேக் கடை வேலை என்றால் 'ஐ', 'ஸ்', 'ஜ', 'ஷ' ஆகியவற்றையும் பாருங்கள். தடித்த எழுத்துருவில் முதலில் மூச்சுத் திணறுவது இவைதான். 'ஸ'வுக்குள் அவ்வளவு மடிப்பு.

இனித் தூரம். பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: பார்க்கிற தூரம் ஒவ்வொரு 10 அடிக்கும் எழுத்து 1 அங்குல உயரம் இருக்க வேண்டும். அது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நினைத்துச் சொன்ன கணக்கு. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் உறுப்புகள் கூட என்பதால் நான் 1½ அங்குலமாவது கொடுப்பேன். 60 அடி தூரத்துக் கேற்றில் இருந்து வாசிக்க வேண்டும் என்றால் 9 அங்குலம். என் பெனரின் அகலம் 120 அங்குலம். இரண்டு பக்கமும் 5 அங்குலம் விட்டால் மிச்சம் 110. "வண்ணத்துப்பூச்சிகள்" 11 எழுத்து. ஒரு எழுத்துக்குச் சராசரி 10 அங்குல அகலம்தான் கிடைக்கும். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால், அகலமும் தடிப்புமான அந்த எழுத்துருவை அங்கே வைத்திருக்க மாட்டேன்.

சொல் நீளமாகிவிட்டது என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். நசுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் அப்படியே இருக்கும். சுழிகள் முட்டை வடிவாகிவிடும். அதைவிட ஒடுங்கிய வடிவம் உள்ள எழுத்துரு எடுங்கள், அல்லது சொல்லை மாற்றுங்கள்.

அச்சடிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவு ஒரு தாள் மட்டும். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 1 அடி. 10 அடி பெனரை அந்தத் தாளில் அச்சிட்டால் பத்தில் ஒரு பங்கு அளவு வரும். 60 அடியில் இருந்து பார்க்கப்போகிறார்கள் என்றால் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு 6 அடி தள்ளி நின்று பாருங்கள். அங்கே வாசிக்க முடியாதது கேற்றடியிலும் வாசிக்க முடியாது. முடிந்தால் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அந்த விழாவுக்குப் பிறகு நான் இதைச் செய்யாமல் எந்தக் கோப்பையும் அனுப்பியதில்லை.

கையில் கிடைக்கிற சில எழுத்துருக்கள்

கூகுள் ஃபொண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இருந்தே தொடங்கலாம். பெரும்பாலும் திறந்த உரிமத்தில் இருப்பவை. கடைக்கு, ரீசேர்ட்டுக்கு, லேபலுக்கு என்று வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக எடுத்து விற்கத்தான் கூடாது.

பாலு தம்பி 2 என்பதுதான் தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது. மும்பையில் இருக்கிற ஏக் டைப் குழு செய்தது. பாலு என்றால் இந்தியில் கரடி. கரடிக் குட்டி போலவே கொழுகொழு என்றிருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்: மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. 400 முதல் 800 வரை ஐந்து தடிப்புகள் உண்டு. இதுதான் இதன் பெரிய வசதி. 800 அடைத்துக்கொண்டால் 700க்கு இறங்கலாம்.

கொயினி இன்னும் விளையாட்டானது. பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் மார்செலோ மகல்யாயிஸ் செய்தது. உருண்ட முனைத் தூரிகையால் எழுதியது போல இருக்கும். பிறந்தநாள் கார்ட்டுக்கு மிக நன்றாகப் பொருந்தும். ஒரே தடிப்புத்தான் உண்டு. இந்த மாதிரி எழுத்துருக்களில் மென்பொருளின் போல்ட் பொத்தானை அழுத்தாதீர்கள். உண்மையான தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருள் இருக்கிற கோட்டையே ஊதிப் பெருப்பிக்கும். சுழிகள் அடைபடும்.

அரிமா கொஞ்சம் நாகரிகமான துள்ளல். கேக் பெட்டி, பெரியவர்களின் விருந்து அழைப்பு போன்றவற்றுக்கு. நம் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் கையெழுத்துப் போலச் சாய்ந்தது. தடிப்பு இல்லாததால் பெரிய தலைப்புக்கு எடுக்க மாட்டேன். ஆனால் குண்டுத் தலைப்புக்கு மேலே "வாங்க வாங்க" என்று சின்னதாக ஒரு வரி போட அதுதான் சரி.

தலைப்பு எழுத்துரு ஒரு பெனரில் ஒன்று போதும். நேரம், இடம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் முக்த மலர், கட்டுமரான், அனெக் தமிழ் போன்ற நேரான எழுத்துருவில் போடுங்கள். எல்லாமே துள்ளினால் கண் எதில் நிற்கும்?

மும்மொழிப் பலகை

கல்முனையிலோ அம்பாறை நகரத்திலோ பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கு இது முக்கியம். பாலு குடும்பத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், சிங்களம் இல்லை. அதற்குக் கொழும்பின் மூனியாக் குழு செய்த எழுத்துருக்களைப் பார்க்கலாம். கெமுனு லிப்ரே ஓரளவு கட்டையான, தடித்த வடிவங்கள் கொண்டது. ஒரே எழுத்துருவாக இல்லாவிட்டாலும் மூன்றிலும் கோட்டின் தடிப்பு ஒத்திருந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். மூன்றுக்கும் ஒரே பொயின்ட் அளவைக் கொடுத்துவிட்டு விடாதீர்கள். ஒரே எண்ணில் ஒரு மொழி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நிற்கும். பின்னால் தள்ளி நின்று கண்ணால் சமப்படுத்துங்கள்.

தடுக்கி விழுகிற இடங்கள்

தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். மேல் வரியில் 'தூ'வும் கீழ் வரியில் 'கீ'யும் ஒரே இடத்தில் வந்தால் வாலும் மேல்வளைவும் மோதிக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டுவதில் அதற்கு நேர்மாறான கவனம் வேண்டும். "கொண்டாட்டம்" என்பதில் 'கொ' ஒரு எழுத்துத்தான், ஆனால் பல மென்பொருள்கள் அதைக் கொம்பு, 'க', கால் என்று மூன்று துண்டாக விலக்கிவிடும். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து, ஏற்றி இறக்கித் துள்ள வைக்கும்போதும் இதே கதைதான். கொம்பும் காலும் புள்ளியும் தங்கள் எழுத்தோடு சேர்ந்தே நகர வேண்டும்.

கரை போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நான் அந்தப் பெனரில் செய்த இரண்டாவது பிழை அது. எழுத்துக்கு நேரடியாகக் கரை போட்டால் கோட்டில் பாதி வெளியே, பாதி உள்ளே வளரும். உள்ளே வளர்கிற பாதி சுழியைத் தின்னும். எழுத்தைப் பிரதி எடுத்து, கீழே இருக்கிற பிரதிக்கு மட்டும் கரை போடுங்கள். மேலே இருக்கிற எழுத்து அப்படியே இருக்கும். அதன் பிறகும் சுழிகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கரை மிகவும் பட்டையாக இருந்தால் சுழிக்குள் கரையின் நிறமே நிரம்பி நிற்கும்.

ரீசேர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் மை துணியில் கொஞ்சம் பரவும், அதனால் ஒரு படி மெல்லிய தடிப்பை எடுங்கள். கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து இயல்பாகவே தடிப்பாகத் தெரியும், அங்கும் அப்படித்தான்.

கலகலப்பு எல்லா வேலைக்கும் வேண்டியதில்லை. எருமைத் தயிர்ச் சட்டிக்கு லேபல் செய்யும்போது பாலு தம்பி நன்றாகப் பொருந்தும், சட்டியின் உருளையும் எழுத்தின் உருளையும் சேரும். மருந்துக் கடைக்கு நான் போட மாட்டேன். மரண அறிவித்தலில், நினைவஞ்சலியில் இந்த எழுத்துருக்கள் தப்பித் தவறியும் வரக்கூடாது. பழைய கோப்பை எடுத்துத் திருத்தும்போது இப்படி நடந்துவிடும், கவனம்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது

நம் பகுதி அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவின் முறையில் தட்டச்சு செய்கிறார்கள். இன்றைய பொது முறையான யூனிகோடில் நீங்கள் அடித்ததை அவர்கள் பாமினி வகை எழுத்துருவுக்கு மாற்றினால் எழுத்து சிதறிவிடும். போட்டோஷொப்பில் கொம்பு இடம்மாறி, 'கெ' என்பது 'க'வுக்குப் பிறகு கொம்போடு வந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி என்பதைத் தெரிவு செய்யுங்கள், சரியாகிவிடும். எல்லாம் முடிந்ததும் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி அனுப்பினால் எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது என்பதால், மாற்றாத கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவங்களாக மாற்றிய கோப்பைப் பெரிதாக்கி, கடைசியாகப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் என்றால் ஐந்து: ண், த், ப், ச், ள்.